நெற்குவியலுக்குள் நின்ற கார்

சாவியின் பொத்தானை அழுத்தினேன். எங்கோ பூட்டு திறந்த சத்தம் கேட்டது. காரைத்தான் காணோம்.

எங்கள் பக்கத்துப் பனி மேலேயிருந்து விழுவதில்லை. அறுத்த வயலிலிருந்தும் அறுக்காத வயலிலிருந்தும் எழுந்து, வாய்க்காலைத் தாண்டி வந்து, ரோட்டின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. மாசி பிறந்த பிறகும் அன்று காலை அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தின் மஞ்சள் பலகை இல்லை. புளியமரம் இல்லை. பாயின் டீக்கடை டியூப் லைட் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த கறை ஒன்று. என் செருப்பையே குனிந்து பார்த்துத்தான் நடந்தேன்.

முந்தின நாள் மாலை காரை நிறுத்திவிட்டுப் போன இடத்தில், வாய்க்காலின் கட்டைச்சுவரை ஒட்டி, ஒரு குன்று நின்றது. நீலத் தார்ப்பாய் போர்த்திய குன்று. பனித்தண்ணீர் அதன் மேல் உருண்டு, மடிப்புகளில் தேங்கி, ஓரமாக வடிந்துகொண்டிருந்தது. இடம் மாறி வந்துவிட்டேனோ என்று சுற்றிலும் பார்த்தேன். பார்ப்பதற்கு எதுவும் இல்லை. மறுபடி பொத்தானை அழுத்தினேன். குன்றின் வயிற்றுக்குள் ஆரஞ்சு நிறம் இரண்டு தடவை மினுங்கி அணைந்தது.

கார் உள்ளே இருந்தது.

எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது. நுழைந்துவிட்டாலும் திரும்பாது. அதனால் பாபநாசம் போகிற ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ரோடு கொஞ்சம் அகலமாகிற இடத்தில்தான் நிறுத்துவேன். வருஷம் முழுக்க அந்த இடத்துக்குப் போட்டி உண்டு. பால் வண்டி, ஷேர் ஆட்டோ, முகூர்த்த நாளில் யாரோ ஏற்றிவந்த வேன். தை, மாசியில் மட்டும் போட்டிக்கு நெல் வந்துவிடும். நெல் வந்தால் மற்ற எல்லாரும் ஒதுங்கிவிடுவோம். களம் போதாது, களத்தில் வெயிலும் போதாது. கறுத்த தார் ரோடுதான் சூடு பிடிக்கும். ஆகவே பாதி ரோடு நெல்லுக்கு, பாதி ரோடு மனிதர்களுக்கு. முதல்நாளே வந்து நாலு செங்கல்லோ, ஒரு தென்னை மட்டையோ, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியோ வைத்துவிட்டால் அந்த இடம் அவர்களுடையது. யாரும் எடுத்துப் போட மாட்டார்கள். பஸ்கூட வளைந்து போகும்.

என் தம்பி பனி கொட்டுகிற வெளிநாட்டு ஊர் ஒன்றில் இருக்கிறான். ஜனவரியில் வீடியோ அனுப்புவான். வாசலில் வெள்ளையாக ஒரு மேடு. பெரிய முறம் மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவாங்க அள்ளி வீசுவான். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு கார்க் கண்ணாடி வெளிவரும். அப்படித் தோண்டிய இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவானாம். இல்லையென்றால் சாயங்காலம் வருவதற்குள் வேறு எவனாவது நிறுத்திவிடுவானாம். "என்னடா ஊரு அது, நாற்காலிக்கு மரியாதை குடுக்கற ஊரு" என்று அவனைக் கேலி செய்திருக்கிறேன்.

தார்ப்பாயின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளே டயர் தெரிந்தது. சக்கரத் தட்டின் ஓட்டைகளுக்குள் நைலான் கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருந்தது. நெல் வாசனை சூடாக முகத்தில் அடித்தது. வெளியே அத்தனை ஈரம். உள்ளே குவியல் வெந்துகொண்டிருப்பதைப் போல் ஒரு வெக்கை.

"யாரது? கை வைக்காதீங்க!"

குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போர்வை எழுந்து நின்றது. போர்வைக்குள் ஒரு பெண். கீழத்தெருக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். இப்போது இவரும் கணவரும் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் வைக்கிறார்கள். மகள் நர்ஸுக்குப் படிக்கிறாள். இதுவரை ரோட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு சரி.

"நான்தாங்க்கா. காரை எடுக்கணும்."

"டீச்சரா? இன்னைக்கு என்னா டீச்சர்? திருவிழா லீவுதானே?"

"லீவு இந்த மாவட்டத்துக்கு. நான் போறது வலங்கைமான் பக்கம். அது திருவாரூர் மாவட்டம். அங்க லீவு இல்ல."

போர்வையை இறக்கிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார், நான் விளையாடுகிறேனோ என்று.

"ஒரு ஆத்தத் தாண்டினா லீவு இல்லையா?"

"இல்லக்கா."

"திருவிழா நடக்கற சாமிய ரெண்டு பக்கத்து சனமும்தானே கும்புடுது?"

வெளுத்த கறையின் திசையிலிருந்து இருமல் கேட்டது. கடைக்கார பாய். அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்திருப்பார். "சாமி ஒண்ணுதான் ஆத்தா. கலெக்டர் ரெண்டுல்ல!" என்றார் பனிக்குள்ளிருந்து.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். அவர் போட்ட கணக்கு இது. ராத்திரிதான் அறுப்பு மிஷின் கிடைத்தது. டிராக்டரில் கொண்டுவந்து கொட்ட இடம் தேடினால் ரோடு முழுக்க மற்றவர்களின் செங்கல். கடைசியில் என் கார் நிற்பதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் உள்ளூர் விடுமுறை. டீச்சர் வண்டி நகராது. வாய்க்கால் பக்கம் கட்டைச்சுவர், அதை ஒட்டிக் கார். காரையே சுவர் மாதிரி அண்டை வைத்து நெல்லைக் கொட்டிவிட்டார். தார்ப்பாயைக் காற்று தூக்காமல் இருக்கக் காரின் மேலேயும் இழுத்துப் போர்த்தி, டயரிலேயே கட்டியும் விட்டார்.

"எழுப்பிக் கேக்கலாம்னுதான் நெனச்சேன். தூங்கறவங்கள எதுக்கு எழுப்பறதுன்னு விட்டுட்டேன். மழை வந்தாலும் உங்க வண்டி நனையாதுல்ல, அதையும் சேத்து யோசிச்சேன் டீச்சர்."

அவர் குரலில் பொய் இல்லை. எனக்கு ஒரு உபகாரமும் செய்துவிட்டதாகவே உண்மையில் நினைத்திருக்கிறார். அதுதான் என் கோபத்தைக் கிளறிவிட்டது. எதிரில் நிற்பவர் கெட்டவராக இருந்தால் கோபத்துக்கு ஒரு வசதி உண்டு.

காரின் பின்சீட்டில் ஒரு நீள அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் என் பள்ளி ஆய்வுக்கூடத்துப் பியூரெட்டுகள். பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தேன். அன்று வலங்கைமான் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. நான் வெளியிலிருந்து போகிற தேர்வாளர். முந்தின நாள் மதியம் அந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியை போன் செய்தார். என்னைவிட ரொம்பச் சின்னவர், குரலில் அழுகைக்கு முந்தின ஒரு தடுமாற்றம். "மேடம், எங்ககிட்ட இருக்கிற பியூரெட் பாதிக்கு மேல ஒழுகுது. கேட்டு எழுதினோம், இன்னும் வரல. நீங்க வரும்போது…" அதற்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் தலைமையாசிரியையிடம் கேட்டு, எடுத்துக் கட்டினேன்.

பியூரெட் என்பது கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு சின்னத் திருகு. அதைத் திருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள குடுவையில் விட வேண்டும். எந்தச் சொட்டில் நிறம் மாறி நிற்கிறதோ, அங்கே கையை நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். திருகு ஒழுகினால் போச்சு. கை சரியாக இருக்கும், கண் சரியாக இருக்கும், விடை தப்பாக இருக்கும். அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டது குழாயின் அடியில் ஒழுகிப் போய்விடும். மேசையின் இந்தப் பக்கம் நின்று நான்தான் அதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டும்.

"பிரிச்சு விடுங்கக்கா. நான் போயே ஆகணும்."

"பனி விலகட்டும் டீச்சர். வெயில் வந்த மறு நிமிஷம் பிரிச்சுடறேன்."

"வெயில் எப்ப வர்றது? இன்னைக்கு வருமான்னே தெரியல."

"அதேதான் நானும் சொல்றேன்! இந்தப் பனியில பிரிச்சா நெல்லு மொத்தமும் ஈரத்தக் குடிச்சுடும். போன தடவை ஈரம் கூடன்னு கொள்முதல் நெலையத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரரு அங்க வரிசையில எடம் புடிச்சுப் படுத்துக் கெடக்காரு. நான் இங்க நனைச்சு வச்சுட்டு அவருக்கு என்னா பதில் சொல்றது?"

"அக்கா, இது பொது ரோடு." சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"பொது ரோடுதான் டீச்சர். அதனாலதான் நானும் கொட்டியிருக்கேன், நீங்களும் நிறுத்தியிருக்கீங்க."

பாய் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து, முடியாமல் சிரித்தே விட்டார்.

பஸ்ஸில் போவதை யோசிக்காமல் இல்லை. பாபநாசம் போய், அங்கே இறங்கி, வேறு பஸ் பிடித்து, திருவிழாவுக்குப் போகிறவர்களும் கூடைக்காரர்களும் நெருக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. முதலில் அந்தப் பஸ் வர வேண்டும். பனியில் டவுன் பஸ்கள் ஆமை வேகத்தில் வரும், சில வராமலே போகும். பாய் தன் மொபெட்டில் கொண்டுவிடுகிறேன் என்றார். அவர் மொபெட்டைப் பற்றி அவருக்கே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

"இல்ல பாய். கார்லதான் போவேன். நெல்லும் நனையாது. வழி இருக்கும்."

சொல்லிவிட்டுக் குன்றை ஒரு சுற்று சுற்றி வந்தேன். இடது பக்கக் கதவுகள் கட்டைச்சுவரை ஒட்டி. விரல் நுழையும், ஆள் நுழைய முடியாது. வலது பக்கக் கதவுகளின் கைப்பிடி வரைக்கும் நெல். முன்பக்கமும் நெல் வளைந்துகொண்டு போய்ச் சுவரைத் தொட்டிருந்தது. பின்பக்கம்தான் வெறும் தார்ப்பாய். அங்கே நெல் இல்லை.

"பின்னாடி மட்டும் தார்ப்பாய மடிச்சு விட்டா, டிக்கியத் தொறந்து உள்ள போயிடுவேன். அப்படியே ரிவர்ஸ்ல எடுத்துடறேன். நெல்லைத் திறக்கவே வேண்டாம்."

அக்கா யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். "எடுப்பீங்க. எடுத்ததும் நெல்லு என்னா பண்ணும்? உங்க வண்டி மேல சாஞ்சுல்ல நிக்குது. சொவத்த உருவுன மாதிரி சரிஞ்சு வாய்க்கால்ல போயிரும்."

இதை நான் நினைக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கட்டைச்சுவர் கார் நிற்கிற நீளத்துக்குள்ளேயே ஓரிடத்தில் இடிந்து கிடக்கிறது; அதன் வழியாகத்தான் அக்கம்பக்கத்தில் துணி துவைக்க இறங்குவார்கள்.

பனி எங்களுக்கு நடுவிலும் நின்றது. பக்கத்தில் நிற்பவரின் முகம் கரைந்து, குரல் வரும்போது மட்டும் திரும்பி வந்தது.

பாய்தான் முதலில் அசைந்தார். சவுதியில் இருபது வருஷத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து கடை போட்டவர். "பாலைவனத்துல மணல்ல பொதைஞ்ச வண்டிய எடுத்திருக்கேன். டயரு பின்னால போகப் போக, அந்த எடத்துல பலகையச் சொருகணும். நெல்லுல பொதைஞ்ச வண்டிய இப்பத்தான் பாக்கறேன். மணலும் நெல்லும் ஒண்ணுதானே, கொஞ்சம் வெலை கூட."

கடையை ராத்திரி மூடுகிற மரப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிவந்து போட்டார். பிறகு டீ குடிக்க உட்காரும் பெஞ்சு. அக்கா, முந்தின நாளே கட்டி வைத்த நெல் மூட்டைகளில் இரண்டை இழுத்துவந்து நிறுத்தினார். அவர் இன்னும் சம்மதம் என்று சொல்லவில்லை. மூட்டையை இழுத்துக்கொண்டே, "சரிஞ்சுச்சுன்னா டீச்சர், நீங்க பரீட்சைக்கெல்லாம் போவ முடியாது, சொல்லிட்டேன். என்னோட ஒக்காந்து அள்ளணும்" என்றார்.

"அள்ளறேன்க்கா."

"புடவையப் பாத்தாத் தெரியுது, நீங்க அள்ளற அழகு."

கஞ்சி போட்ட காட்டன் புடவை. தேர்வுக்குப் போகும்போது மட்டும் கட்டுவது. கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகினேன். டயரில் கட்டிய முடிச்சுகள் பனியில் ஊறி இறுகியிருந்தன. அக்கா குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். பின்பக்கத்துத் தார்ப்பாயை மேலே சுருட்டினோம். டிக்கி திறந்தது.

ஒரு காருக்குள் பின்பக்கமாகக் குடியேறுவது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தலையை முதலில் விடுவதா, காலை முதலில் விடுவதா என்று ஒரு கணம் நின்றேன். தலை. ஸ்டெப்னி மேல் முழங்கை, பின்சீட்டின் முதுகில் வயிறு. நாற்பத்தெட்டு வயதில், மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிற முழங்கால்களோடு, நானே என் காருக்குள் திருடப் போகிற மாதிரி ஊர்ந்தேன். செருப்பு ஒன்று வெளியே விழுந்தது. "டீச்சர், செருப்பு!" என்று பாய் குரல். "அப்புறம்!" என்று கத்தினேன். பின்சீட்டில் பெட்டி இருப்பதை மறக்கவில்லை. மறக்காமலே அதன் ஓரத்தில் என் முழங்கால் விழுந்தது. அட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம், பல் உடைவது போல. அசையாமல் கிடந்தேன். திறந்து பார்க்க நேரமில்லை. பார்த்தாலும் ஒட்ட வைக்க முடியாது. இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில் உடம்பைத் திருப்பி, ஒருவழியாக ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

உள்ளே நீல இருட்டு. கண்ணாடிகள் அத்தனையும் நீலம். வலது பக்கக் கண்ணாடியில் மட்டும், கீழ்ப்பாதியில், நெல்மணிகள் முகத்தை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தன. எஞ்சினைக் கிளப்பினேன். சத்தம் குவியலுக்குள் போய்க் கனத்துத் திரும்பி வந்தது.

பின்னால் எதுவும் தெரியவில்லை. டிக்கி பாதி திறந்தபடி இருந்தது. அதற்கு வெளியே வெள்ளை. பாய் பின்னால் நின்று கார் உடம்பில் தட்டினார். ஒரு தட்டு, வா. இரண்டு தட்டு, நில். அக்கா வலது பக்கத்தில் பலகையோடு. அந்தக் குரல்களையும் தட்டல்களையும் மட்டும் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை மயிரிழை மயிரிழையாக விட்டேன்.

"வாங்க, வாங்க, வாங்க… நில்லுங்க!"

நெல் சரசரவென்று நகரும் ஒலி. பலகை சொருகப்படும் ஒலி. மூச்சு.

"ம், வாங்க."

"ஸ்டியரிங்க ஒடிக்காதீங்க டீச்சர்! போர்டுல கோடு போடற மாதிரி நேரா வாங்க!"

"அவங்க கெமிஸ்ட்ரி பாய். கோடெல்லாம் கணக்கு டீச்சர்தான் போடுவாங்க."

"கோணலா வந்தா நெல்லும் கோணலாத்தான் சரியும், பாத்துக்க ஆத்தா."

ஒரு முழம் வந்தேன். நின்றேன். இன்னொரு முழம். கிளட்ச் வாடை கிளம்பியது. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் என் தலைக்குள், அலைந்துகொண்டே இருக்கும் இந்த மனதில், அந்த நேரத்தில் ஒரு வாக்கியம்கூட இல்லை. இடது பாதம் மட்டும்தான் நான். ராத்திரியில் கவிதை எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு; அதற்கு உட்காரும்போது இப்படி ஒரு பாதத்தை எவ்வளவு நாள் தேடியிருக்கிறேன்.

கடைசி முழத்தில்தான் அது நடந்தது. முன்பக்கம் சுவரைத் தொட்டிருந்த நெல்லை அண்டை கொடுத்து நிறுத்தியிருந்தது காரின் மூக்கு. மூக்கு விலகியதும் குவியல் ஒரு பெருமூச்சு விட்டது. பலகைக்கும் இடிந்த சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி. பெஞ்சு அங்கே நுழையக் கார் இன்னும் வழிவிடவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் நெல் வழியத் தொடங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தார். முதுகை நெல்லுக்குக் கொடுத்து, இரண்டு கால்களையும் சுவரின் உடைந்த விளிம்பில் உதைத்துக்கொண்டு.

பிரேக்கை மிதித்துக் கதவில் கை வைத்தேன்.

"எறங்காதீங்க!" என்று கத்தினார். "எறங்கி என்னா பண்ணப் போறீங்க? எடுங்க, எடுங்க! வண்டி போனாத்தான் பெஞ்சு நொழையும்!"

எடுத்தேன். கார் ஒரேயடியாகப் பின்வாங்கி வெள்ளைக்குள் போனது. பாய் பெஞ்சைக் குறுக்கே தள்ளினார், மூட்டையை அதன் மேல் சாய்த்தார். அக்காவின் இடுப்பு வரைக்கும் நெல். தார்ப்பாய் அப்படியே மேலே மூடியிருந்தது. ஒரு மடிப்பும் திறக்கவில்லை. அவர் தலைக்கு மேல் அது கூரைபோல் நிற்க, அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "போச்சா?" என்றார்.

"ஒரு படிகூடப் போகல," என்றார் பாய். "அப்படியே ஒக்காந்திரு, வெயில் வர்ற வரைக்கும். அம்மன் மாதிரி இருக்க."

நான் இறங்கி ஓடினேன், ஒரு காலில் செருப்பு இல்லாமல். அவர் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். தட்டிவிட்டார்.

"நான் எந்திரிச்சா மறுபடி சரியும். பாய் இன்னொரு மூட்டையக் கொண்டாரட்டும். நீங்க போங்க டீச்சர். இவ்வளவு கூத்தும் பண்ணிட்டு நேரங்கழிச்சுப் போய் நிக்காதீங்க."

"அக்கா…"

"சாயங்காலம் வந்து தயவுசெஞ்சு இங்கயே கொண்டாந்து போடாதீங்க. அந்தக் கோயில் பக்கம் போங்க."

பாய் என் செருப்பைச் சன்னல் வழியாக உள்ளே போட்டார்.

உயர்விளக்கைப் போட்டால் வெள்ளை இன்னும் கெட்டியானது. தாழ்விளக்கில் தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டியபடி ஓட்டினேன். ரோட்டின் பாதியில் வரிசையாகத் தார்ப்பாய்கள், நீலம், கறுப்பு, மஞ்சள், ஓரங்களில் செங்கல். எதிரே வரும் பஸ்ஸை ஹாரனை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. இரண்டு பேரும் நின்று, ஒருவரை ஒருவர் தேடி, பக்கம் வந்ததும் ஓட்டுநர் கையைத் தூக்கினார். இடுப்பும் முழங்காலும் விண்விண் என்று தெறித்தன. எதற்காகவும் வேகம் கூட்டவில்லை, எங்கும் நிற்கவும் இல்லை. பின்சீட்டில் பெட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தேன். வளைவுகளில் அது என்ன சொல்கிறது என்று காது பின்னாலேயே இருந்தது.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ரோட்டில் பிள்ளைகள் வந்தார்கள். பனிக்குள்ளிருந்து முதலில் சைக்கிள் மணி, பிறகு சீருடை, பிறகு முகம். பாலத்துக்கு இந்தப் பக்கம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த காலை, அந்தப் பக்கத்தில் தலைவாரிப் பூவைத்துப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. கலெக்டர் ரெண்டுதான்.

பள்ளி வாசலில் அந்தச் சின்ன ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லவில்லை. நேரே பின்கதவைத் திறந்து பெட்டியைத் தூக்கினார். ஆய்வுக்கூடத்து வராந்தாவில் பெண்கள் ரெக்கார்டு நோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். குளிருக்கு ஒருத்தி தாவணியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். என்னைக் கண்டதும் அந்த வரிசை நேரானது.

வேட்டித் துணிகளைப் பிரித்தோம். ஒன்று, திருகுக்குக் கொஞ்சம் மேலே, சுத்தமாக இரண்டாகப் போயிருந்தது. என் முழங்கால். ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார்.

"மிச்சம் எல்லாம் நல்லா இருக்கு. முதல் சுற்றுல ஒருத்திய மட்டும் குறைச்சுக் கூப்பிடுங்க. அவ அடுத்த சுற்றுல செய்யட்டும். ஒழுகறத யாரும் தொட வேண்டாம்" என்றேன்.

ஒழுகும் பியூரெட்டுகளை எடுத்து அலமாரிக்குள் வைத்து, ஆசிரியை அலமாரியையே பூட்டினார். அந்தப் பூட்டும் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

குழாய்களைத் தாங்கிகளில் பொருத்தி, ஊதாத் திரவத்தை ஊற்றி நிரப்பினோம். பிறகு காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பு தேர்வு விதியில் கிடையாது. ஒவ்வொரு மேசையாகக் குனிந்து ஒவ்வொரு குழாயின் நுனியையும் பார்த்துக்கொண்டே போனேன். நுனியில் ஒரு துளி தொங்கியது. தொங்கியபடியே இருந்தது. விழவில்லை. அடுத்ததிலும் விழவில்லை. அதற்கடுத்ததில் விழுமோ என்று நின்றேன், அதுவும் நின்றது. சன்னலுக்கு வெளியே பனி இன்னும் எழுந்து போகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பெண்களின் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஒவ்வொருத்தியும் திருகைத் தொடுவதற்கு முன் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். முதல் மேசைப் பெண், திருகின் மேல் விரலை வைத்துவிட்டு, திருகாமல், என்னைப் பார்த்தாள்.

"ம், விடுங்க! மெதுவா, மெதுவா… அவசரமே இல்ல!"

கூடமே திடுக்கிட்டது. காலையில் பனிக்குள் அக்காவும் பாயும் எனக்குக் கத்திய குரலில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வராந்தாவில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். முதல் மேசைக்காரியும் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே, கை நடுங்காமல், முதல் சொட்டை விட்டாள்.